கொழும்பு ஏலத்தின் விலைக்கோடு

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தோடு இணையத்துக்கு மாறியது. கூடத்தில் குரல் கொடுத்துக் கேட்ட காலத்தில் இடைக் கேட்புகள் காற்றோடு போயின. மிஞ்சியது முடிவு விலை மட்டுமே. திரையில் நடக்கும் ஏலத்தில் கேட்புகளையும் கோடாக வரைய முடியும். அது பெரிய வசதி. ஆனால் எந்த விலையிலிருந்து வரையத் தொடங்குவது?

பி.ஓ.பி. தரத் தேயிலையின் ஒரு லொட்டுக்கு, அதாவது ஒன்றாக ஏலம் போகும் தொகுதிக்கு, முதல் கேட்பு கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான போட்டி 1,120க்கும் 1,180க்கும் நடுவில் நடக்கிறது. அச்சை 500இல் தொடங்கினால் அந்தப் போட்டி மேல் விளிம்பில் நசுங்கிவிடும். 1,100இல் வெட்டினால் பத்து ரூபாய் வித்தியாசமும் துலங்கும். கூடவே 20 ரூபாய் இறக்கம் பெருஞ்சரிவாகத் தோன்றும். மாதிரியைச் சுவைத்துப் பார்த்த வணிகர் ஏமாறமாட்டார். அதே படத்தைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் காணும் ஹட்டன் தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வெட்டுவதில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கேட்பு ஏறினால் தொடக்க விலையை மறந்துவிடலாம். ஏறாமலே நின்று லொட் விற்காமல் திரும்பினால், அந்தத் தாழ்ந்த கேட்புதான் அந்த வாரத்தின் செய்தி. சராசரி விலையோ விற்ற தேயிலையை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. சாதாரணத் தரத் தேயிலை தேங்கிய வாரத்தில் சராசரி நன்றாகவே தெரியும்; தோட்டத்தின் கையில் காசு இராது.

நாட்டுச் சராசரியும் மலையகத்தின் விலையல்ல. உற்பத்தியில் ஏறத்தாழ அறுபது வீதம் தாழ்நிலத் தேயிலை. அதன் விலையும் பொதுவாக உயர்நிலத்தைவிடக் கூடுதல். 2022இல் ரூபாய் சரிந்தபோது ஏலச் சராசரி முந்தைய ஆண்டின் 620 ரூபாய் அளவிலிருந்து 1,200ஐத் தாண்டியது. டொலரில் பார்த்தால் உயர்வு அதன் சிறு பகுதிதான். ரூபாய்க் கோட்டை மட்டும் காட்டி இலாபம் பெருகிற்று என்பதும், உரம் எரிபொருள் விலையை மட்டும் காட்டி இல்லையென்பதும் ஒரே தவறு.

அச்சை வெட்டலாம், வெட்டிய இடத்தில் முறிவுக்குறி வேண்டும். கீழே தனிப் பட்டையில் முதற்கேட்புகளும், விற்காத லொட்களின் எண்ணிக்கையும் வரட்டும். பக்கத்தில் டொலர்க் கோடு. தரகர்களின் வாராந்த அறிக்கைகள் மேற்கு உயர்நிலம், நுவரெலியா, உடப்புசல்லாவை என்று ஏற்கெனவே பிரித்தே எழுதுகின்றன. வரைபடம் வரைபவர் அவற்றை ஒரே கோடாகப் பிசையாமல் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.