எப்படி மேலே போனாள்?

சென்ற வருஷம் ஒரு பத்திரிகாசிரியர் சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளில் ஒரு கட்டை எனக்கு அனுப்பிவைத்து, படித்துப் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். மொத்தம் 48 கதைகள். அவற்றில் 11 கதைகள் அடுக்குமாடிக் கட்டடங்களில் நடந்தன. திண்ணையும் கொல்லைக் கிணறும் நம் கதைகளிலிருந்து போய்விட்டனவே என்று கண்ணீர் வடிப்பவர்களில் நான் ஒருவன் அல்ல. மனிதன் எங்கே குடியிருக்கிறானோ அங்கேதானே கதையும் குடியிருக்கும்? ஆனால் குடியிருக்கிற இடத்தைக் கதைக்காரர் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை ஆகாது.

அந்த 11 கதைகளில் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண். அவள் பையனுக்குக் கடுமையான ஜுரம், வலிப்பு. தான் வேலை பார்க்கும் வீட்டு டாக்டரம்மாவைத் தேடி இரவு பன்னிரண்டு மணிக்கு ஓடுகிறாள். டாக்டரம்மா இருப்பது 18-வது மாடி. அடுத்த வரியில் அவள் அழைப்பு மணியை அழுத்துகிறாள். அதற்குப் பிறகு கதை நன்றாகத்தான் போகிறது. ஆனால் என் மனம் மட்டும் கீழேயே நின்றுவிட்டது.

எழுதியவரின் நம்பரை வாங்கிப் பேசினேன். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். சென்னையில் அது மாதிரிக் கட்டடம் ஒன்றில்தான் தானும் இருப்பதாகச் சொன்னார்.

"அந்த அம்மாள் எப்படி மேலே போனாள்?"

"லிப்ட்டில்தான் சார்."

"உங்கள் லிப்ட்டில் பாதி ராத்திரியில் யார் வேண்டுமானாலும் ஏறலாமா?"

சற்று நேரம் பதில் வரவில்லை. "கார்டு வேணும் சார். வேலைக்கு வர்றவங்க கார்டு காலையில ஆறு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான்..." பிறகு, கொஞ்சம் தயங்கி, "அது அவ்வளவு முக்கியமா சார்?" என்றார்.

போனில் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. லிப்ட் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கறுப்புச் சதுரம் இருக்கிறது. அதன் முன் கார்டைக் காட்டினால் கார்டிலுள்ள எண் எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறிக்குப் போகிறது. அங்கே ஒரு ஜாபிதா. இந்த எண்ணுக்கு இன்ன மாடி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை. ஜாபிதாவில் இருந்தால் பொத்தான் சில விநாடிகளுக்கு உயிர் பெறும். இல்லாவிட்டால் விரல் தேய அழுத்தினாலும் விளக்கு எரியாது. எந்தக் கார்டு, எந்த மாடி, எத்தனை மணி எல்லாம் பதிவாகிவிடும். பெரிய ஆபீஸ் கட்டடங்கள் சிலவற்றில் லிப்ட்டுக்குள் பொத்தானே கிடையாது. கார்டை வெளியிலேயே காட்ட வேண்டும். 'உங்களுக்கு சி லிப்ட்' என்று திரை சொல்லும். ஏறி நின்றால் அது உங்களை எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டுவிடும். நெருப்பு அபாய மணி அடித்தால் லிப்ட் கீழே வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றுவிடுமாம். அப்போது அதை இயக்குவது தீயணைப்புக்காரர் கையிலுள்ள பழைய மாதிரிச் சாவி!

தனியாக இருக்கும் ஒரு பாட்டி இந்த ஏற்பாட்டால் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. என் கவலை கதைக்காரரைப் பற்றியது. முன்பு லிப்ட்டில் ஒரு மனிதர் இருந்தார். காக்கி உடுப்பு, ஒரு ஸ்டூல். 'அங்கே போகக் கூடாது' என்று அவர் சொல்லலாம், சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்து மனம் இளகலாம், எட்டணாவுக்கு இளகலாம், அடுத்த நாள் வேலையும் இழக்கலாம். நியூயார்க்கில் 1945 செப்டம்பரில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வானளாவிய கட்டடங்களின் வியாபாரம் அப்படியே நின்றுபோயிற்று. கட்டடச் சொந்தக்காரர்கள் தானாக ஓடும் லிப்ட்டின் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று மறுப்பு இருக்கிறது, மறுக்கிறவர் இல்லை.

பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' என்ற 1960-ம் வருஷத்துப் படத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. 31,259 சிப்பந்திகள், 16 லிப்ட்டுகள். நெரிசல் ஆகாமலிருக்க மாடிக்கு மாடி ஆபீஸ் நேரத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். கதாநாயகி லிப்ட் ஓட்டுகிற பெண். லிப்ட்டுக்குள் தொப்பியைக் கழற்றுகிற ஒரே ஆண் பாக்ஸ்டர் என்கிற குமாஸ்தா என்பதை அவள் கவனித்து வைத்திருக்கிறாள். அவனுடைய குணம் அந்த ஒரு தொப்பியிலேயே வந்துவிடுகிறது. அவள் அங்கே நிற்காவிட்டால் யார் அதைப் பார்த்திருப்பார்கள்?

படம் முழுக்கச் சாவிதான். பாக்ஸ்டர் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் ரகசிய சந்திப்புகளுக்கு இரவல் கொடுத்துக் கொடுத்தே 19-வது மாடியிலிருந்து 27-வது மாடிக்கு உயருகிறான். உயர்ந்ததற்கு அடையாளம், பெரிய அதிகாரிகளின் கழிப்பறைச் சாவி! கடைசியில், தான் நேசிக்கும் பெண்ணையே அழைத்துப் போவதற்காக மேலதிகாரி வீட்டுச் சாவியைக் கேட்கும்போது, பாக்ஸ்டர் மேஜைமேல் வைப்பது அந்தக் கழிப்பறைச் சாவியை. சாவி தவறு என்கிறார் அதிகாரி. தவறில்லை என்கிறான் இவன். வேலை போயிற்று, மனிதன் மிஞ்சினான். ஒரு சிறு உலோகத் துண்டால் இவ்வளவும் நடக்கிறது. கார்டை வைத்து இந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள். பாக்ஸ்டர் அறையை விட்டு வெளியே வருமுன் யாரோ அவன் எண்ணை ஜாபிதாவிலிருந்து அடித்துவிட்டிருப்பார்கள். அவன் கையிலிருப்பது வெறும் பிளாஸ்டிக். அதைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன வீரம் இருக்கிறது?

அடுத்தது ஜே. ஜி. பல்லார்ட் 1975-ல் எழுதிய 'ஹை-ரைஸ்' நாவல். லண்டனில் 40 மாடி, ஆயிரம் வீடுகள், இரண்டாயிரம் பேர். உச்சியில் கட்டடத்தைத் திட்டமிட்ட சிற்பிகளில் ஒருவர். 25-வது மாடியில் ஒரு டாக்டர். இரண்டாவது மாடியில் டெலிவிஷன் படம் எடுக்கும் ஒருவன். அவன் பெயரும் வைல்டர், இது தற்செயல். எல்லோரும் படித்தவர்கள், வசதியானவர்கள். ஆனாலும் கீழ்மாடி, நடுமாடி, மேல்மாடி என்று மூன்று ஜாதிகள் உண்டாகிவிடுகின்றன. லிப்ட்டை மறித்து வைத்துக்கொள்கிறார்கள், படிக்கட்டில் மேஜை நாற்காலிகளைப் போட்டு அடைக்கிறார்கள், வைல்டர் மாடி மாடியாகப் போராடி ஏறுகிறான். டாக்டர் நாய் மாமிசம் தின்று கொண்டிருப்பதில்தான் நாவலே தொடங்குகிறது என்றால் மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பல்லார்ட் சரியாகத்தான் கண்டார்: அந்தக் கட்டடத்தில் யாருக்கு லிப்ட் கிடைக்கிறது என்பதே அரசியல். ஆனால் அவருடைய மனிதர்கள் அதற்காகக் கத்த வேண்டியிருக்கிறது, அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்றானால் மேல்மாடிக்காரர்கள் ஜாபிதாவில் இரண்டு வரியை மாற்றிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். நாவல் பத்தாம் பக்கத்தில் நின்றிருக்கும். இன்னொரு குறையும் சொல்வேன். அந்த ஆயிரம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர், தரை துடைக்கிறவர் எவரும் ஒரு கதாபாத்திரமாக வளரவில்லை. பிரேஸில் நாட்டு ஸாவோ பாவ்லோ நகரில் ஆள் பார்த்து லிப்ட்டில் ஏற்றுவதைத் தடுக்க 1996-ல் சட்டமே போட்டார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு லிப்ட், வேலைக்காரருக்கு ஒரு லிப்ட் என்ற வழக்கம் அங்கே அப்படி வேரூன்றியிருந்தது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கார்டு வந்ததோடு கதை செத்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. ஜாபிதா தானாக முளைப்பதில்லை. ஒருவர் சொல்ல, ஒருவர் அதைத் தட்டெழுதியிருக்கிறார். 'எட்டு மணி வரை' என்ற மூன்று வார்த்தைக்குப் பின்னால் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் கதைக்காரர் போய் உட்கார வேண்டும். நம் இளைஞர்கள் நேராக அழைப்பு மணிக்குப் போய்விடுகிறார்கள்.

போட்டி முடிந்து, பரிசுகளும் கொடுத்தாகிவிட்டன. அந்தப் பெண்ணுக்குப் பரிசு இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே கதை எனக்குத் தபாலில் வந்தது, திருத்தி எழுதப்பட்டு. இப்போது அவள் லிப்ட்டுக்குள் நின்று 18-ஐ அழுத்திக்கொண்டே இருக்கிறாள், விளக்கு எரியவில்லை. காவற்காரர் இன்டர்காமில் கூப்பிட்டுப் பார்க்கிறார், பதில் இல்லை. பிறகு தன் கார்டைக் காட்டி அவளை ஏற்றி அனுப்புகிறார். பையன் பிழைத்துக்கொள்கிறான். மறுநாள் சங்கத்துக் காரியதரிசி, 12.14-க்கு 18-வது மாடிக்குக் காவற்காரரின் கார்டு போயிருக்கிறது என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு கமிட்டி அங்கத்தினர்களிடம் கையெழுத்துக்கு வருகிறார். அங்கத்தினர்களில் டாக்டரம்மாவும் ஒருவர். எட்டு மணி என்று தீர்மானம் கொண்டுவந்ததே அவர்தான். பேனா கேட்டு வாங்குகிறார். கதை அங்கே நிற்கிறது.

நான் ஒரே ஒரு கேள்விதான் எழுதி அனுப்பினேன். இப்படிப்பட்ட கட்டடங்களில் காவற்காரர் பல சமயம் பிகாரிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்தவராக இருக்கிறார். இவர் எந்த ஊர்க்காரர், அந்த ராத்திரியில் அவள் அவரிடம் எந்தப் பாஷையில் கெஞ்சினாள்?