கூவாகத்தின் கும்மியும் ஒப்பாரியும்: ஒரு திறனாய்வு

சித்திரை முழுநிலவு நெருங்குங்கால், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள கூவாகம் என்னும் சிற்றூருக்குத் திருநங்கையர் பல மாநிலங்களிலிருந்தும் வந்து கூடுகின்றனர். கூத்தாண்டவர் கோயிலில் 18 நாள் நடைபெறும் திருவிழாவின் இறுதிப் பகுதி அது. நம் சபைகளில் இவ்விழாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு குரல்களே கேட்கின்றன. ஒன்று, ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கும் குரல். மற்றது, நோய்த்தடுப்புக்கும் நற்செய்திப் பணிக்கும் ஏற்ற களம் என்று கணக்கிடும் குரல். இரண்டுமே அங்குப் பாடப்படுவதையும் ஆடப்படுவதையும் செவிகொடுத்துக் கேட்டதில்லை. அவ்விரவின் பாடலையும் ஆடலையும் கலையாகவே கொண்டு மதிப்பிடுவதும், அம்மதிப்பீடு நம் ஆயர் பணிக்கு விடுக்கும் வினாவை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் நிகழ்வும்

விழாவுக்கு அடிப்படை அரவான் கதை. வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் மடிகின்றான். தமிழ் மரபோ, 9ஆம் நூற்றாண்டினதாகிய பெருந்தேவனாரின் பாரத வெண்பா முதற்கொண்டே, பாண்டவரின் வெற்றிக்காக அளிக்கப்பட்ட களப்பலியாக அவனைக் காண்கிறது. நாட்டார் வழக்கு இக்கதையை மேலும் வளர்த்துள்ளது. சாகுமுன் மணம் புரிய விரும்பினான் அரவான். விடிந்தால் கைம்பெண்ணாகும் நிலைக்கு எப்பெண்ணும் உடன்படவில்லை. கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான்.

தேரோட்டத்திற்கு முந்திய நாளில் திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொண்டு மோகினியின் இடத்தில் நிற்கின்றனர். இரவெல்லாம் கற்பூரக் குவியலைச் சுற்றிக் கும்மி அடிக்கின்றனர். மறுநாள் தேர் அழுகளம் சேர்ந்ததும் தாலி அறுக்கப்படுகிறது, வளையல்கள் உடைக்கப்படுகின்றன, ஒப்பாரி எழுகிறது. பின்னர் நீராடி வெள்ளைச் சேலை உடுத்து ஊர் திரும்புகின்றனர். ஆக, ஓர் இரவிற்குள் மணப்பாட்டும் சாவுப்பாட்டும் ஒரே வாயிலிருந்து பிறக்கின்றன.

மேடையும் வட்டமும்

இதே நாட்களில் விழுப்புரத்தில் அழகிப் போட்டியும் ஆடல் நிகழ்ச்சிகளும் மேடையேறுகின்றன. இவற்றை இகழ்வதற்கில்லை, உரிமைக்குரலும் அம்மேடைகளிலேயே ஒலிக்கிறது. ஆயினும் கலை என்ற அளவில் மேடைக்கும் கும்மிக்கும் வேறுபாடு பெரிது. மேடையில் ஒலிப்பது பெரும்பாலும் திரையிசை. ஆடுபவரின் உதடு அசைகிறது. குரலோ வேறொரு பெண்ணினுடையது. நடையும் உடையும் எப்படி இருந்தால் பெண்மை என்பதை எதிரே அமர்ந்திருப்போர் முடிவு செய்கின்றனர்.

கும்மி வட்டத்தில் எதிரே அமர்ந்திருப்போர் இலர். சுற்றி வேடிக்கை பார்ப்போர் பலர் இருப்பினும் ஆட்டம் அவர்களை நோக்கியதன்று. நடுவில் எரியும் சுடரையும் பக்கத்தில் ஆடுபவளையும் நோக்கியது. கட்டைக்குரலாயினும் அவரவர் குரலிலேயே பாட்டு எழுகிறது. அதை மறைப்பாரும் இல்லை, நகைப்பாரும் இல்லை. கடைவீதியில் கைதட்டிக் காசு கேட்கும்போது நாம் முகம் சுளிக்கும் அதே கையொலி இங்குத் தாளமாகிறது. கும்மி தமிழ்ப் பெண்களின் தொன்மையான ஆடல். “நாங்களும் பெண்களே” என்பதை இவர்கள் வாதிட்டு நிறுவவில்லை. அவ்வட்டத்தில் நின்று தாளம் பிசகாமல் ஆடிக் காட்டுகின்றனர்.

ஒப்பாரியின் தன்மையும் இவ்வாறே. இறந்தவனைப் பாடுவதுபோல் தன் வாழ்வைப் பாடுவது தமிழ் ஒப்பாரியின் இயல்பு. அரவானுக்காக அழுகின்றவள் தன்னைத் துரத்திய தாய்வீட்டுக்காகவும் அழலாம். அழுகைக்கு ஏது கேட்பாரில்லை. இவ்விழாவின் கலைச்சிறப்பு ஒப்பாரியில்தான் உச்சம் அடைகிறது என்பது நம் கருத்து.

குறைபாடு

எனினும் இக்கலையின் எல்லையையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. வலியவரின் வெற்றிக்காகப் பலியாகின்றவன் நாககன்னியின் மகன். அரசுரிமைக்கு அருகில் இல்லாதவன். ஒப்பாரி அவனுக்காக அழுகிறதே தவிர, அவன் ஏன் சாக வேண்டும் என்று வினவுவதில்லை. ஓரிரவு மனைவி என்ற நிலையை அளிக்கும் கதையே மறுநாள் அதைப் பறித்துக்கொள்கிறது. விழாவில் வரவேற்கும் சமுதாயம் வாடகைக்கு வீடு தர மறுக்கிறது. 2008இல் தமிழக அரசு இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்சநீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை ஏற்றது. அழுகை எழுப்பாத வினாவைச் சட்டம் எழுப்பியிருக்கிறது. திருச்சபை எழுப்பியதா?

திருமறையின் மறந்த பக்கம்

நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தை நாம் கூவாகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கும் போர் வெற்றிக்காக ஒரு பலி. யெப்தாவின் மகள் தம்புரோடும் நடனத்தோடும் வெளியே வந்து சாவைச் சந்திக்கிறாள். இஸ்ரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் நான்கு நாள் அவளுக்காகப் புலம்பினர். அப்புலம்பல் நம் வழிபாட்டில் இடம்பெறவில்லை. ஏசாயா 56இல் ஆண்டவர் அண்ணகருக்குப் புதல்வர் புதல்வியரினும் மேலான பெயரைத் தம் ஆலயத்திலேயே வாக்களிக்கிறார். அண்ணகரும் இன்றைய திருநங்கையரும் ஒருவரே என்று கூறுவது மிகை. ஆனால் குடும்ப வரிசைக்கு வெளியே தள்ளப்பட்டவருக்கு ஆலயத்தில் பெயர் உண்டு என்பது ஐயமற்ற செய்தி. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி, தண்ணீர் இருக்கிறதே, தடை என்ன என்று கேட்டபோது பிலிப்பு தடை ஒன்றும் சொல்லவில்லை.

நாட்டுப்புற இசையை மதுரையில் வழிபாட்டுக்குள் கொணர்ந்த தியாபிலஸ் அப்பாவு அவர்களின் பணியை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவ்வழியில், கூவாகக் கும்மி மெட்டுக்குக் கிறிஸ்தவச் சொற்களை இட்டுப் பாடலாமே என்று யாரேனும் எண்ணக்கூடும். அது வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். பாடுகின்றவர்களை வாசலில் நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் உள்ளே அழைப்பது கொள்ளையாகும்.

மாறாக, எளிய வினா ஒன்றை ஒவ்வோர் ஆயரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆண்பெயரில் எழுதப்பட்டு, பதின்பருவத்தில் வீட்டைவிட்டு நீங்கிய ஒருவர் நாளை இறந்தால், அவருடைய உடல் நம் கல்லறைத் தோட்டத்திற்கு வருமா? வந்தால், அடக்க ஆராதனையில் எப்பெயரைச் சொல்லி மன்றாடுவோம்? உடன்வந்து மார்பில் அறைந்து அழும் திருநங்கையரை அமைதியாயிருக்கச் சொல்வோமா, அல்லது அவர்கள் பாடி முடிக்கும்வரை காத்திருப்போமா?

அடுத்த சித்திரைக்கு முன் நம் மாணவர்கள் கூவாகம் போக வேண்டும் என்பதில்லை. தம் சேகரத்தில் அத்தகைய மகளை இழந்த வீடு ஒன்று இருக்குமாயின், அவ்வீட்டுக் கதவைத் தட்டி, அவள் இப்போது எப்பெயரால் அழைக்கப்படுகிறாள் என்று கேட்டு வந்தால் போதும்.