திரைக்காப்பும் சுழியமும்: லினக்ஸ் அமைவுக் கோப்புகளில் தமிழின் இடம்

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பாம்பன் போன்ற கடலோர ஊர்களின் மாணவர்க்கும் அறிமுகமாயிற்று. பட்டிகளில் தமிழ் கிடைத்தது. அமைவுக் கோப்புகளுக்குள் அது செல்லவில்லை. இக்குறையின் விளைவைத் திரைக்காப்பில் தெளிவாகக் காணலாம்.

படக்குழாய்த் திரையில் அசையாப் படிமம் தழும்பாகப் பதிவதைத் தடுத்தலே திரைக்காப்பின் பழைய பணி. இன்று அது காப்பது திரையை அன்று, எழுந்து சென்றவரின் கணக்கை. க்னோம் மேசைத்தளத்தில் இதன் கால அளவை டிகான்ஃப் கோப்பின் இரு திறவுகள் ஆள்கின்றன. ‘ஐடில்-டிலே’ என்பதற்குச் சுழியம் இட்டால் திரை தானாக அணையவே அணையாது. ‘லாக்-டிலே’ என்பதற்குச் சுழியம் இட்டால், பூட்டு இயக்கத்தில் இருக்குமாயின், அணைந்தவுடன் பூட்டிக்கொள்ளும். ஒரே எண், எதிரெதிர்ப் பொருள். முன்னதில் பிழைத்தால், பலர் பகிரும் பள்ளிக் கணினியில் ஒரு மாணவரின் கணக்கு அடுத்தவர்க்குத் திறந்தே கிடக்கும்.

கலைச்சொல் ஆக்கம் ‘திரைக்காப்பு’ என்னும் பெயரோடு நின்றுவிட்டது. திறவுப்பெயர்களை மொழிபெயர்க்க இயலாது என்பது உண்மையே. நிரல் அவற்றைக் கொண்டே மதிப்பை அறிகிறது. ஆயின் ‘#’ குறியுடன் தொடங்கும் வரியை நிரல் பொருட்படுத்துவதில்லை. சுழியத்தின் பொருளை அங்கே தமிழில் எழுதிவைக்கத் தடையில்லை. எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் தனிப்பயனர் கோப்பில் மட்டும் இவ்வழி உதவாது: அமைவுச் சாளரம் அக்கோப்பை மீள எழுதுகையில் குறிப்புகள் அழிந்துபோகும்.