மேகம் மூடிய இரவுகளின் கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, அங்கேயே நின்றுவிட்டது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மறுநாள் காலைக்குள் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. விழுப்புரம் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேல் வெள்ளம் ஓடியதை ஊரே பார்த்தது. இத்தகைய மேகக்கூட்டம் மேல்நோக்கி அனுப்புவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கொதித்தெழும் இடிமேகம் தனக்கு மேலுள்ள காற்றை முட்டித் தள்ளும்; தள்ளப்பட்ட காற்று தன் எடையால் இறங்கி, பழைய மட்டத்தையும் தாண்டித் தாழ்ந்து, மறுபடி எழும். அந்த ஊசலாட்டமே அலையாக உயரே பரவுகிறது. 90 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கீழே சிறு நெளிவாக இருந்தது வழியில் தேயாமல் போய்ச் சேர்ந்தால் அங்கே பல நூறு மடங்கு வீங்கி, கடைசியில் உடைந்து சிதறும்.

இதன் உச்சகட்ட விளைவைக் காண துருவத்துக்குப் போகவேண்டும். கோடையில் இருபத்து நான்கு மணி நேரமும் வெயில் அடிக்கும் துருவத்தின் மேல்தான், 85–90 கி.மீ. உயரத்தில், பூமியின் வளிமண்டலத்திலேயே மிகக் கடுமையான குளிர் இருக்கிறது: சுழியத்துக்குக் கீழே 130, 140 டிகிரி. உடையும் அலைகள் அங்குள்ள காற்றோட்டத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. அதன் விளைவாகக் கோடைத் துருவத்தின் காற்று மேலெழுந்து விரிந்து குளிர்ந்து, குளிர்காலத் துருவத்தை நோக்கிப் பாய்கிறது. வெயிலின் கணக்கையே அலைகள் புரட்டிப் போடுகின்றன. ஆகவே துருவத்தின் மேல்வளி அலைகளை அளப்பது வெறும் வேடிக்கை பார்ப்பதல்ல. அதை இன்றும் பெரும்பாலும் தரையில் நின்றுகொண்டுதான் செய்கிறார்கள். அந்த முறையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே கேள்வி.

வழிகள் சில உண்டு. சுமார் 87 கி.மீ. உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் மங்கலாக ஒளிரும் படலத்தைக் கேமராவால் படமெடுக்கலாம். எரிந்து விழும் விண்கற்களின் தடத்தை ரேடாரால் தொடர்ந்து காற்றின் வேகத்தைக் கணிக்கலாம். லேசர் ஒளியைச் செலுத்தி வெப்பநிலையை அளக்கலாம். அண்டார்டிகாவில் ஜப்பானின் சியோவா நிலையத்தில் 1045 ஆண்டெனாக்களைப் பனிமீது நட்டு எழுப்பிய பான்ஸி ரேடார், காற்றின் செங்குத்து வேகத்தையே நேரடியாக அளக்கிறது. அலைகள் தம்மோடு சுமந்துவரும் உந்தத்தை இப்படித்தான் நேரடியாகக் கணக்கிட முடியும்.

தரை ஆய்வின் பெரிய பலம் பொறுமை. அண்டார்டிகாவில் ஆஸ்திரேலியா நடத்தும் டேவிஸ் நிலையம் அந்த ஹைட்ராக்சில் ஒளிப்படலத்தின் வெப்பநிலையை 1995 முதல் குளிர்காலம் தவறாமல் அளந்துவருகிறது. பத்தாண்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலாக அது குளிர்ந்துவருவது தெரிந்திருக்கிறது. செயற்கைக்கோள் பழுதானால் போய்ச் சரிசெய்ய முடியாது. தரைக் கருவியை ஒவ்வோர் ஆண்டும் துடைத்து, அளவு சரிபார்த்து, முப்பது வருடம் ஓட்டலாம்.

குறைகளில் சில வெளிப்படை. கேமராவுக்கு இருள் வேண்டும். துருவக் குளிர்காலத்தின் நீண்ட இரவு அதற்குத் தோதானதுதான், ஆனால் அங்கே துருவ ஒளி குறுக்கே வந்து ஒளியளவைக் குழப்பும். நான் மேலே சொன்ன கோடைக் கடுங்குளிரின்போதோ கேமரா குருடு. ஒளிப்படலமே எட்டு கி.மீ. அளவுக்குத் தடிமன் என்பதால், அதைவிடக் குட்டையான செங்குத்து அலைநீளங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு படத்தில் வராமலே போகும்.

இவற்றைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. அண்டார்டிகத் தீபகற்பத்தின் மலைத்தொடரில் மோதும் காற்று எழுப்பும் அலை, ஆற்றில் பாறைக்குப் பின்னே நிற்கும் நெளிவைப்போல ஒரே இடத்தில் நிற்கும். அதை ஊடுருவி ஓடும் காற்றுக்கு அது வேகமான ஆட்டம். கீழே நிற்பவருக்கு அசைவற்ற கோலம். தலைக்கு நேர்மேலே மட்டும் நோக்கும் ஒளிமானியின் பதிவில் மாற்றமே இருக்காது. அந்தப் பகுதியின் மிக வலுவான அலை, ஏட்டில் ‘அலை இல்லை’ என்று ஏறும்! காற்றின் வேகத்தைத் தனியே அளக்காமல் அலையின் கால அளவை மட்டும் பட்டியலிடும் ஆய்வுகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

எல்லாவற்றிலும் மோசமானது தேர்வுப் பிழை. கேமரா மேகமற்ற இரவில்தான் பார்க்கும். புயலோ வெளுத்த இரவில் வராது. மயிலத்தில் அரை மீட்டர் மழை பெய்த அன்று கீழே எந்தக் கேமராவை வைத்திருந்தாலும் பயனில்லை. திண்டிவனத்தின் தலைக்கு மேலுள்ள ஒளிப்படலம், நேர்க்கோட்டில் சுமார் 150 கி.மீ. தள்ளியுள்ள திருப்பதி அருகே கடங்கி ஆய்வகத்திலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கும். மீன்கண் லென்ஸுக்கு அது எட்டும் கோணம்தான். ஆனால் புயல் மேகம் கடங்கியையும் விடுவதில்லை. துருவத்திலும் இதே கதை: பனிப்புயல் வீசும் இரவுகள் கழிந்துபோக, அமைதியான இரவுகளின் அலைகளே சராசரியாகின்றன. எத்தனை இரவு பார்த்தோம் என்று கட்டுரைகள் சொல்லிவிடுகின்றன. பார்க்காத இரவுகளில் கீழே வானிலை எப்படி இருந்தது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் என்ன?

அப்படியானால் மேலிருந்து பார்த்தால் தீர்ந்ததா? 2023 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன நாசாவின் ஏடபிள்யூஇ கருவி, 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி எழுப்பிய அலைகளை மேகத்துக்கு மேலே இருந்து பிடித்தது. மேகம் அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த நிலையம் 51.6 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் போவதே இல்லை. துருவம் அதன் பாதைக்கு வெளியே கிடக்கிறது. 2001 முடிவில் ஏவப்பட்ட டைமெட் செயற்கைக்கோளின் சேபர் கருவி துருவப் பக்கம் பார்க்கும், ஆனால் சுமார் 60 நாளைக்கு ஒருமுறை வடக்கு, தெற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குறுகிய அலைகளும் அதற்குப் புலப்படா. ஆகத் தரையை விட்டால் கதியில்லை.

நம் பங்கு என்ன? அண்டார்டிகாவில் இந்தியாவுக்கு 1989 முதல் மைத்ரியும் 2012 முதல் பாரதியும் ஆய்வு நிலையங்களாக இருக்கின்றன. மைத்ரியில் காந்தப்புலத்தை அளந்துவரும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனமே திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடாரை 1992 முதல் இயக்கியது. அந்த ரேடாரின் தரவை வைத்து ஸ்ரீதரன், சதீஷ்குமார், குருபரன் ஆகியோர் 2009-இல் எழுதிய கட்டுரை எனக்குப் பிடித்தமானது. வட துருவத்தின் மேல் அடுக்கு மண்டலம் திடீரென வெப்பமடையும் நாட்களில், திருநெல்வேலிக்கு மேலே வளிமண்டல ஓதங்களும் நிலநடுக்கோட்டு மின்னோட்டமும் மாறுவதை அது காட்டுகிறது. துருவத்தைத் துருவத்திலேயே நின்றுதான் அறியவேண்டும் என்பதில்லை. இந்த வெப்ப எழுச்சிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை நிகழ்பவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து விழுப்புரம் வட்டாரத்து வானம் தெளிவதும் அப்போதுதான் என்பதால், கேமராவுக்கும் வேலை உண்டு.

ஆனால் இங்கேயும் ஒற்றை நிலையத்தின் குறை துரத்துகிறது. சூரியனால் வரும் அரைநாள் ஓதத்தின் காலம் 12 மணி. நிலவால் வருவது 12.42 மணி. இரண்டையும் பிரித்தறிய ஓரிடத்துத் தரவு தொடர்ந்து 15 நாள் தேவை. துருவ வெப்ப எழுச்சியின் முக்கியக் கட்டமோ அதற்குள் முடிந்துபோகலாம். உலகைச் சுற்றிச் சூரியனோடு நகரும் ஓதம் எது, அப்படி நகராதது எது என்பதையும் திருநெல்வேலி தனியாகச் சொல்ல இயலாது. அதே அட்சரேகையில் வேறு தீர்க்கரேகைகளில் உள்ள ரேடார்களின் அதே நாள் பதிவு வேண்டும். துருவத்தில் சியோவாவுக்கும் டேவிஸுக்கும் இதே தேவை இருக்கிறது.