கேள்வி கேட்க ஆளில்லாத சபை

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் தாய் கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது தோட்டத் தலைவரிடம் அதைச் சொல்வாள். தலைவர் மாகாண சபை உறுப்பினரிடம் சொல்வார். அதன்பிறகு அந்தக் குறை ஒரு தாளில் ஏற வேண்டும். உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் அறிவித்தலைச் சபைச் செயலகம் பதிவு செய்ய வேண்டும். நிலையியற் கட்டளைகளுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். அமைச்சின் பதில் வந்ததும் அதை ஹன்சாட்டில் ஏற்ற வேண்டும். சத்தமில்லாத வேலைதான். ஆனால் அந்தத் தாயின் வாய்ச்சொல், அரசாங்கம் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாக மாறுவது அந்த மேசையில்தான். தோட்டப் பாடசாலைகளும் கிராமிய வைத்தியசாலைகளும் பெரும்பாலும் மாகாணத்தின் கையில் இருப்பதால், ஊவாவின் தமிழருக்கு அந்த மேசை தூரத்துச் சங்கதி அல்ல.

இந்த ஏற்பாட்டின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி தேர்தலில் 34 பேர் கொண்ட ஊவா மாகாண சபை தெரிவானது. முதலமைச்சராக இருந்த சஷீந்திர ராஜபக்ஷவின் இடத்துக்கு 2015 ஜனவரியில் ஹரின் பெர்னாண்டோ வந்தார். அதே ஆண்டிலேயே சாமர சம்பத் தசநாயக்க வந்தார். ஓராண்டுக்குள் மூன்று முதலமைச்சர்கள். ஆட்சிப் பக்கமும் எதிர்ப்பக்கமும் இடம் மாறின. ஆனாலும் சபை கூடியது, அறிக்கைகள் சமர்ப்பிக்கப்பட்டன, ஆசிரியர்களுக்குச் சம்பளம் போனது. யார் நாற்காலியில் இருந்தாலும் கோப்பு நகரவேண்டும் என்ற உத்தியோகத்தர் மரபு இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அரசியல்வாதிகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இந்த மரபைப் பற்றிப் பேசுவதே இல்லை.

குறை மொழியில் தொடங்குகிறது. மாகாண சபை உறுப்பினர் சிங்களத்திலோ தமிழிலோ தம் கடமையைச் செய்யலாம் என்று அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை சொல்கிறது. உரிமை உறுப்பினரின் வாயில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பவர் மொழிபெயர்ப்பாளர். அவர் இல்லாத நாளில் தமிழ்ப் பேச்சு தமிழ் தெரிந்தவர்களோடு நின்றுவிடும், அல்லது உறுப்பினரே பேசாமல் சிங்களத்துக்கு மாறிவிடுவார். ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. ஆனால் பிரகடனம் தட்டச்சு செய்யாது.

ஒரு தடவை என் பெரியம்மாவுக்கு அரச அலுவலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். மேட்டு லயத்தில் வாசிக்க ஆளில்லை. இரண்டு நாள் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். மூன்றாம் நாள் சம்பள வேலை முடிந்து, டவுனில் சில்லறைக் கடை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "அக்கா, வரச் சொன்ன நாள் நேற்று" என்றார். அந்தக் கடிதத்தை எழுதிய உத்தியோகத்தர் தம் கடமையைச் செய்துவிட்டதாகவே கோப்பில் பதிந்திருப்பார். கடமை என்ற சொல்லை நாம் எவ்வளவு குறுக்கி வைத்திருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொரு குறை, உத்தியோகத்தர் யாருக்குப் பொறுப்பு என்பது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி, பிரதம செயலாளரை முதலமைச்சரின் இணக்கத்தோடு ஜனாதிபதி நியமிக்கிறார். மாகாண அரச சேவையில் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் ஆளுநரின் அதிகாரத்துக்குள் வருகின்றன. உறுப்பினரின் கோபத்திலிருந்து ஊழியரைக் காப்பாற்ற இப்படியொரு வேலி தேவைதான். 2018 ஜனவரியில், பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலை அதிபரை முதலமைச்சர் மண்டியிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. அவர் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விலக நேர்ந்தது. வேலி இருந்தும் அப்படியொரு குற்றச்சாட்டு எழுந்த இடம் இது. ஆனால் அதே வேலி, அதிகாரியின் பார்வையைச் சபையிலிருந்து திருப்பிக் கொழும்பை நோக்க வைக்கிறது. இரண்டில் எது பெரிய தீங்கு என்று கேட்டால், தோட்டத்துக்காரர் என்ற வகையில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவது பத்திரிகையில் வரும். இரண்டாவது வராது.

ஊவாவின் மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மண்சரிவு அபாயம் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்ட இடம். ஊவாத் தேர்தல் முடிந்து 39 நாளில், 2014 ஒக்டோபர் 29 காலையில், மலை இறங்கி லயங்களை மூடியது. தகவல் இருந்தது, தாள் இருந்தது. அந்த மக்களை எங்கே குடியேற்றுவது, எப்போது, யார் பொறுப்பு என்று விடாமல் கேட்டு, கிடைத்த பதிலைத் திகதி போட்டுப் பதிந்து, அடுத்த அமர்வில் மறுபடி எடுத்து வைக்கும் வேலைதான் உரிய காலத்தில் பலன் தரவில்லை.

இப்போது அப்படிக் கேட்கவும் ஆளில்லை. 2017ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் எல்லை நிர்ணயச் சிக்கலும் சேர்ந்து மாகாணத் தேர்தலை முடக்கின. 2019 ஒக்டோபரில் ஊவா சபையின் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரும் அதிகாரிகளும் மாகாணத்தை நடத்துகிறார்கள். திறமையாகவே நடத்துகிறார்கள் என்பவர்கள் இருக்கிறார்கள். சபை இல்லாததால் செலவு மிச்சம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மிச்சத்தை நான் ஏற்கமாட்டேன். 2020இல் தோட்டப் பாடசாலையில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, 2024இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் அதன் வகுப்பறையைப் பற்றி ஊவா ஹன்சாட்டில் ஒரு வரிகூட ஏறியிருக்க வழியில்லை.