ஒப்பமிட்டவன் ஒருவன், உயிர் கொடுத்தவள் ஒருத்தி

சாத்தானோடு பேரம் பேசிய கதைகளில் உலகறிந்தது ஃபாஸ்டின் கதை. அதில் கணக்கு நேரானது: ஆசைப்பட்டவனே ஒப்பமிடுகிறான், விலையும் அவனுடைய ஆன்மாதான். ஜெர்மானிய வேட்டைக்காரர்களின் மந்திரத் தோட்டாக் கதை இதைவிடக் கொடியது. அதில் ஒருவன் பட்ட கடனுக்கு இன்னொருத்தி ஈடாகிறாள். 1990இல் ஹாம்பர்க்கின் தாலியா அரங்கில் மேடையேறிய ‘தி பிளாக் ரைடர்’ இந்தக் கதையின் மறுஆக்கம். நெறியாள்கை ராபர்ட் வில்சன், பாடல்களும் இசையும் டாம் வெயிட்ஸ், உரை வில்லியம் பரோஸ்.

வில்ஹெல்ம் ஒரு குமாஸ்தா. வனக்காவலரின் மகள் கேத்சென்மேல் காதல். வேட்டைக்காரனுக்குத்தான் பெண் என்கிறார் தந்தை. துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவனுக்குக் கட்டைக்கால்காரனாக வரும் சாத்தான் குறி தப்பாத தோட்டாக்களைத் தருகிறான். அவற்றில் ஒன்று மட்டும் சாத்தான் நினைத்த இடத்தில் பாயும். திருமண நாளில் அது மணப்பெண்ணின் உயிரைக் குடிக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபெலும் லாவுனும் வெளியிட்ட பேய்க்கதைத் தொகுப்பிலும் முடிவு இதுதான். 1821இல் பெர்லினில் அரங்கேறிய வேபரின் இசை நாடகம் அதை மாற்றியது. அங்கே பெண் பிழைக்கிறாள். துறவி ஒருவர் பரிந்து பேச, காதலனுக்கு ஓராண்டுச் சோதனைக் காலத்தோடு மன்னிப்பும் கிடைக்கிறது. வில்சன் குழு அந்த ஆறுதலை அகற்றிப் பழைய கொடுமையை மீட்டது. மறுஆக்கத்தின் முதல் வலிமை இந்தத் துணிவு.

இரண்டாவது வலிமை, பேரத்தைப் போதையாக வாசித்தது. ஹெராயினை உள்ளிருந்து அறிந்தவர் பரோஸ். முதல் தோட்டா தன்னம்பிக்கை தருகிறது. பிறகு அது இல்லாமல் கை ஓடுவதில்லை. கடைசியில் எந்த விலைக்கும் வாங்கத் தயாராகிறான். இங்கே வில்ஹெல்மின் வீழ்ச்சிக்கு நரகமோ இறையியலோ தேவைப்படவில்லை.

வடிவமும் இதற்கு ஒத்துழைக்கிறது. வெள்ளை பூசிய முகங்கள், மரப்பாவையின் விறைத்த அசைவுகள், ‘டாக்டர் காலிகாரி’ காலத்து ஜெர்மன் மௌனப் படங்களை நினைவூட்டும் கோணல் காட்சிகள் எல்லாம் சுயவிருப்பம் பறிபோன மனிதர்களுக்குப் பொருந்துகின்றன. திருவிழாக் கொட்டகைக்கு ஆள் கூப்பிடுபவனைப்போல் சாத்தான் நம்மை வரவேற்கிறான். கரகரப்பும் கேலியும் கலந்த வெயிட்ஸின் இசையில் நாமும் அவன் பக்கம் சாய்கிறோம். 2004இல் லண்டனில் நடந்த ஆங்கில ஆக்கத்தில் இந்தப் பாத்திரம் ஏற்றவர் பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல்.

ஆனால் இந்த வலிமைகளே கேத்சென் விஷயத்தில் குறையாகின்றன. எல்லோரும் பாவைகளானால் ஒரு பாவையின் சாவுக்குக் கனம் ஏது? அவளுக்குப் பாட்டு உண்டு. பேரத்தில் சொல் இல்லை. போதை வாசிப்பும் துயரத்தை அடிமையானவன் பக்கமே திருப்புகிறது. அவள் சாகிறாள்; நம் இரக்கமோ சித்தம் கலங்கிச் சாத்தானின் கூட்டத்தில் சேரும் வில்ஹெல்முக்குப் போகிறது.

பரோஸின் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். 1951இல் மெக்ஸிகோ நகரில், குடிபோதையில், மனைவி ஜோன் வோல்மரின் தலைமேல் வைத்த கண்ணாடிக் குவளையைக் குறிபார்த்துச் சுட்டு அவரைக் கொன்றவர் அவர். தன்னை ஒரு தீய ஆவி பிடித்திருந்ததாகவும், அந்தச் சாவே தன்னை எழுத்தாளனாக்கியதாகவும் 1985இல் எழுதினார். தோட்டாமேல் பழியைப் போட்டுத் தப்பும் இந்த மனநிலையைக் குறுக்கு விசாரணை செய்ய இதைவிடத் தோதான கதை கிடையாது. நாடகம் அதைக் கேலியால் கடந்துவிடுகிறது.

படைப்பாளியின் வாழ்வைக் கொண்டு படைப்பை அளக்கக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். அளக்க வேண்டாம். மேடையில் உள்ளதை மட்டும் பார்த்தாலும் சுட்டவனுக்கு ஒரு மனம் இருக்கிறது, சுடப்பட்டவளுக்கு இல்லை. பார்வையாளரை உருக விடாமல் விலக்கி நிறுத்துவது சிந்திக்க வைக்கத்தானே என்றும் கேட்கலாம். விலகி நிற்பவருக்கும் சிந்திக்க ஒரு கேள்வி வேண்டும். அவள் ஏன் விலையானாள் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

வேபர் மணப்பெண்ணைக் காப்பாற்றிக் கதையின் கொடுமையைக் குறைத்தார். வில்சன் குழு அவளைச் சாகவிட்டு உண்மையை மீட்டது. அந்த உண்மை யாருடையது என்பதில் பாதி வழியில் நின்றுவிட்டது. பேரம் பேசியவனை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்ட ஆக்கம், விலை கொடுத்தவளையும் அதே கூர்மையோடு பார்த்திருந்தால் முழுமை பெற்றிருக்கும்.