கூரைக்கடியில் ஒரு கோச்சிப் பாதை

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மாதிரி ரயில் செய்பவர்கள் பெரிதும் கையாளும் எச்ஓ அளவில், அதாவது எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 4 கிலோமீட்டர் வருகிறது. மட்டக்களப்பு மாவட்டத்து உன்னிச்சைப் பக்கத்து வீடுகளில் ஓட்டுக்குக் கீழே சாமான் ஏற்றிவைக்கும் பரண் எட்டடிக்கு ஆறடி இருந்தாலே பெரிய காரியம். லண்டனில் இருக்கிற நம்மவர்களின் கூரை அறையும் அதைவிட மிக அதிகமாக இராது. எனவே இப்படியொரு இடத்தில் யாராவது ரயில் பாதை போட்டு உங்களைக் கூப்பிட்டால், அவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பதை முதலில் பாருங்கள். கெட்டித்தனம் அங்கேதான் இருக்கிறது.

கோச்சியே குறுக வேண்டும். 20 மீட்டர்ப் பெட்டி எச்ஓ அளவில் 23 சென்ரிமீட்டர். பத்துப் பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் இரண்டரை மீட்டர். பரணின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை அடைத்துக்கொண்டு நிற்குமே தவிர ஓட இடமிராது. ஆகவே மூன்று பெட்டி. பெட்டியைக் குறைத்தவர் மேடையையும் குறைத்தாரா என்று பாருங்கள். மேடை நீளமாகவும் கோச்சி குட்டையாகவும் இருந்தால் உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். மேடை, கட்டடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே கணக்கில் சுருங்கினால் மூன்று பெட்டியே நிறைந்த கோச்சியாகத் தெரியும்.

தண்டவாள அகலத்தைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. இலங்கையின் பாதை 1676 மில்லிமீட்டர் அகலம். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர்ப் பாதை, ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டருக்காகச் செய்யப்பட்டது. எச்ஓ அளவில் நம்முடையது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். சிலர் தண்டவாளத்தைத் தாமே கட்டைமேல் பொருத்தி இதைச் சரிசெய்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்க்கிறவருக்கு இந்த மூன்று மில்லிமீட்டர் தெரியவே தெரியாது. அந்த நேரத்தை வயலுக்கும் வெளிச்சத்துக்கும் கொடுத்தவரையே நான் மெச்சுவேன்.

உன்னிச்சைக்கு ரயில் பாதை கிடையாது. 1928இல் மட்டக்களப்பு வரை வந்த பாதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் சின்ன இடத்துக்கு மிகவும் பொருந்துவது இல்லாத பாதைதான். உண்மையான பாதையின் நுனியில் கற்பனைக் கிளையொன்றை ஒட்டுவது இந்தக் கலையில் பழைய வழக்கம். இங்கே வரைந்து பாருங்கள்: மட்டக்களப்பில் பிரிந்து, வலையிறவில் வாவியைத் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளக்கட்டடியில் முடியும் ஒரு கிளை. பரணில் கடைசி ஸ்டேசன் மட்டும் போதும்.

கற்பனையென்றால் காரணம் வேண்டாமா? யாரோ எதற்காகவோ பணம் போட்டுப் போட்ட பாதை என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். நெல் ஒரு காரணம். 1950களில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. உன்னிச்சை வயல்களின் வைக்கோல் கோச்சியேறி அங்கே போவதாக வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் காலம் 1960கள் என்று தானாகவே முடிவாகிறது. எஞ்சினும் முடிவாகிறது: 1954இலிருந்து கனடா தந்த எம்2. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயரைத் தாங்கி ஓடியவை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு ‘ஒன்ராறியோ’வை உன்னிச்சைக்கு ஓட்டுவதில் ஒரு குறும்பும் இருக்கிறது.

ஆண்டு போதாது, மாதமும் மணியும் வேண்டும். மாசி மாதம், பெரும்போக அறுவடை, பின்னேரம் நாலு மணி என்று வைப்போம். மாரிமழை ஓய்ந்து குளம் தளும்பி நிற்கும். வயல் பச்சை மாறி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். அரிந்த தாள் மண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்க வேண்டும். தென்னந்தும்பைப் பொடியாக நறுக்கி நட்டால் அது அச்சாகக் கிடைக்கும். சூட்டுக்களத்தில் மாடு வளைய வரலாம். விளக்கு மேற்கிலிருந்து, சற்றே மஞ்சளாக, எல்லா நிழலும் ஒரே பக்கம் சாய விழ வேண்டும். மோசமான அமைப்பில் கொன்றை பூத்திருக்கும், பக்கத்தில் வெள்ளம் நிற்கும், அதற்கப்பால் புழுதி பறக்கும். தனித்தனியே எல்லாம் அழகுதான். சேர்ந்தால் எந்த நாளும் இல்லை.

குளக்கட்டு வடிவத்துக்கும் உதவுகிறது. ஸ்டேசனை விட்ட கோச்சி கட்டின் ஓரமாகப் போய் மருத மரங்களுக்குப் பின்னால் மறையும். அங்கே, நம் கண்ணுக்குத் தெரியாமல், நாலைந்து பாதைகள் பக்கம் பக்கமாகக் கிடக்கும். அதுதான் மீதி இலங்கை முழுவதும். மட்டக்களப்பும் பொலன்னறுவையும் கொழும்பும் அந்த ஒன்றரையடிப் பலகையில் இருக்கின்றன. 1957இல் சிரில் ஃப்ரீசர் என்ற ஆங்கிலேயர் ‘மினரிஸ்’ என்றொரு சின்ன முனைய வரைபடத்தை வெளியிட்டார். முன்னால் ஒடுங்கிய ஸ்டேசன், பின்னால் இப்படியொரு மறைவிடம். இன்றும் அதைப் பார்த்துக் கட்டுகிறார்கள். போன கோச்சி உடனே திரும்பி வந்தால் வட்டமடிக்கும் விளையாட்டுச் சாமான். ஐந்து நிமிடம் வராமல் இருந்தால் எங்கோ போய்விட்டு வருகிறது.

இடம் மிச்சம் பிடிக்க நம் ஊரே ஒரு வழி கற்றுத் தந்திருக்கிறது. ஓட்டமாவடியிலும் மன்னம்பிட்டியிலும் பழைய இரும்புப் பாலத்தில் வீதியும் தண்டவாளமும் ஒரே தளத்தில் கிடந்தன. கோச்சி வரும்போது வாகனங்கள் இரு கரையிலும் காத்து நின்றன. பக்கத்தில் புதிய வீதிப் பாலங்கள் வந்தது பின்னாளில்தான். கற்பனைக் கிளையின் வலையிறவுப் பாலத்தையும் அப்படியே வைத்தால் அகலமும் குறையும், கதையும் கூடும். இரண்டு லொறி, ஒரு மாட்டு வண்டி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர். காத்திருப்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பதால் பொம்மைகள் அசையாததும் உறுத்தாது.

பார்க்கும்போது குனியுங்கள். எச்ஓ அளவில் மனிதன் இரண்டு சென்ரிமீட்டர். மேலிருந்து பார்த்தால் எட்டடிப் பலகை எட்டடியாகவே தெரியும். கண்ணை மேடை மட்டத்துக்கு இறக்கி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். தூரக் கணக்குக் குழம்பி, குளக்கட்டு ஒரு மைல் தள்ளிப் போய்விடும். பாதையை நெஞ்சுயரத்தில் அமைத்தவர் இது தெரிந்தவர்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு கோச்சி வராமலிருக்க, டேப்லட் என்னும் வட்டத் தகடு கையிலிருந்தால்தான் சாரதி அடுத்த ஸ்டேசனுக்குப் போகலாம் என்ற முறை மட்டக்களப்புப் பாதையில் இருந்துவந்தது. பெரிய வளையத்தில் மாட்டிய தோல் பைக்குள் அந்தத் தகடு கைமாறும். பரணில் ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். அது உங்கள் கையில் இல்லாமல் கிளையில் எதுவும் நகரக் கூடாது. விளையாட்டு உடனே வேலையாகிவிடும்.

ஷண்டிங்கும் அப்படித்தான். ஆலன் ரைட் என்பவர் உருவாக்கிய ‘இங்கிள்நூக்’ அமைப்புக்கு இரண்டு பொயின்ட், மூன்று பக்கப் பாதை, எட்டு வாகன் போதும். ஒரு பாதை ஐந்து வாகன் கொள்ளும்; மற்றவை மூன்று மூன்று. எட்டுச் சீட்டைக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே வாகன்களைக் கோக்க வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6720. நெல் வாகன், வைக்கோல் வாகன், எண்ணெய்த் தாங்கி என்று பெயர் கொடுத்தால் ஒரு மாரிகாலமே அதில் போய்விடும். யாருடைய பாதையைப் பார்க்கப் போனாலும் “வேகமாக விடுங்கோ” என்று கேட்காதீர்கள். “இந்த வாகனைக் களஞ்சியத்தடியில் விட்டுக் காட்டுங்கோ” என்று கேளுங்கள். செய்தவர் முகம் மலரும்.

யானை வைக்காதவர் இல்லை. தண்டவாளத்தின் நடுவே நிறுத்துகிறார்கள். மின்னேரியா, ஹபரணைப் பக்கம் மட்டக்களப்புப் பாதையில் யானைகள் உண்மையாகவே அடிபட்டுச் சாகின்றன. அதைக் காட்சிப்பொருளாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. குளத்தின் அக்கரையில், மற்றதையெல்லாம்விடச் சிறியதாக ஒன்றை வைத்தால் தூரமும் கிடைக்கும்.

இனிக் கூரை. ஓட்டுக்கடியில் பகலும் இரவும் 20 பாகை வித்தியாசம் வந்தால், மூன்று மீட்டர்த் தண்டவாளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். மூட்டுகளில் மயிரிழை இடைவெளி விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். விடாவிட்டால் பங்குனியில் பாதை நெளியும். மாரியில் பலகையும் ஊதும். குன்று செய்ய ரெஜிபோம் நல்லது, ஆனால் வாடையடிக்கும் பசை அதைக் கரைத்துவிடும். வெள்ளை மரப்பசைதான் சரி. வயரை எலி கடிக்காமலிருக்கக் குழாய்க்குள் விட வேண்டும். உச்சி வெயிலில் யார் கூப்பிட்டாலும் பரணேறாதீர்கள். விளக்கு வைத்த பிறகு போங்கள்.